மனு என்னும் பிரதி: குதிரையும் பாலேடும்

சென்ற ஆண்டு ஒரு பயிலரங்கில் மனு எழுதுவது பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகள், களப்பணியாளர்கள் என்று முப்பது பேர் இருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டம் எல்லாம் பேசி முடித்தபின் நான் உருவகம் பற்றிப் பேச ஆரம்பித்தேன். ஒரு தோழர் எழுந்து, "அதெல்லாம் கவிதை எழுதறவங்களுக்குத் தோழர். ஆபீசுல சர்வே நம்பரும் சட்டப் பிரிவும் இருந்தாப் போதும்" என்றார். சிரித்தார்கள், கைகூடத் தட்டினார்கள். அப்போது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இருபது வருஷமாக மனு எழுதிக்கொண்டிருப்பவனுக்குப் பதில் வராமல் போனது அவமானமாகத்தான் இருந்தது. இந்தக் கட்டுரை அந்தத் தோழருக்கு.

அலுவலகத்தில் உருவகம் இல்லை என்று யார் சொன்னது? கோப்பு அங்கே நகர்கிறது, தூங்குகிறது, கிடப்பில் கிடக்கிறது. அவர்கள் மேலிடம், நாம் அடித்தட்டு. நாம் எழுதும் முன்பே அந்தக் கட்டிடம் முழுக்க உருவகம் நிரம்பித்தான் இருக்கிறது. உருவகம் வேண்டுமா வேண்டாமா என்பது கேள்வியே அல்ல. யாருடைய உருவகத்துக்குள் நின்றுகொண்டு நாம் பேசுகிறோம் என்பதுதான் கேள்வி.

என் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பதினோரு மனு நகல்கள் இருந்தன. வீட்டுமனை, சுடுகாட்டுப் பாதை, கிணறு. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். கச்சேரி வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தவை. பதினொன்றில் ஒன்பது மனுக்களில் 'தாயும் தந்தையுமாகிய தாங்கள் இந்த ஏழைகள்பால் கருணை கூர்ந்து' என்று வருகிறது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கப்பன் செத்து இருவது வருசமாச்சு. இந்தாளு எப்படா எனக்கு அப்பன் ஆனான்?" என்றார். நான் கேட்ட முதல் இலக்கிய விமர்சனம் அதுதான். குழந்தையும் பெற்றோரும் என்ற இந்த உருவகம் எதைச் செய்கிறது? கொடுக்க வேண்டியதைக் கொடுப்பவனை வள்ளலாக்குகிறது. கொடுக்காமல் விட்டாலும் அவன் குற்றவாளி ஆவதில்லை. கொஞ்சம் கண்டிப்பான அப்பா, அவ்வளவுதான். அந்தப் பதினொன்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் வரவில்லை என்பதை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை.

'மனு' என்ற சொல்லே நமக்கு வாய்த்த கொடுமை. நம் விண்ணப்பத்துக்கும் அதே பெயர், நம்மைச் சேரியில் வைத்தவனுக்கும் அதே பெயர். அதிகாரிகள் கிராமத்துக்கு வந்து மனு வாங்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்று பேர் வைத்திருக்கிறார்கள். கன்றைப் பறிகொடுத்த பசு மணியை அடித்தது, அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். கதையை மனுதாரர் பக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். மனுதாரர் வாயில்லாத பிராணி. அதற்குச் சட்டம் தெரியாது, வாதம் செய்யாது, மேல்முறையீடு போகாது. கண்ணீர் மட்டும் உண்டு. அரண்மனை வாசல் வரை வர அதை யாரும் தடுக்கவும் இல்லை. நீதியை ஒரு மன்னனின் மனக் கசிவாகவும் முறையிடுபவரைப் பசுவாகவும் கட்டமைக்கும் இந்தப் பிரதிக்குள் நின்றுகொண்டுதான் நாம் மனுச்சீட்டில் எண் வாங்க வரிசையில் நிற்கிறோம்.

இதை முதலில் உடைத்தவர்கள் நம் ஆட்கள். ரெட்டமலை சீனிவாசன் முன்னின்று 1893ல், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக்கூடாது என்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மனு 112 அடி நீளம், 3,412 கையெழுத்து. அந்தக் கோரிக்கை சரியா தவறா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். ஆனால் அந்த 112 அடியைப் பாருங்கள். சேரியில் ஒவ்வொருவராகக் கையெழுத்தும் கீறலும் வாங்கிச் சேர்த்த காகிதம். அதைப் படிப்பதற்கு முன்னால் விரிக்க வேண்டும், விரித்தால் அறை கொள்ளாது. ஒரு சனத்தின் எண்ணிக்கையை மேசைமேல் கொண்டுபோய்ப் போட்ட உருவகம் அது.

அம்பேத்கர் 1920 ஜனவரி 31ல் தொடங்கிய 'மூக்நாயக்' முதல் இதழில், இந்து சமூகத்தை மாடிப்படியே இல்லாத பல அடுக்குக் கோபுரம் என்று எழுதினார். எந்தத் தளத்தில் பிறக்கிறாயோ அதிலேயே சாக வேண்டியதுதான். இதில் முக்கியமானது, பழுது கட்டிடத்தில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் இருப்பவனுக்குக் கால் ஊனம் என்று அவர் சொல்லவில்லை. கட்டினவன் படி வைக்கவில்லை என்று சொன்னார். பின்னால் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்தபோது, 1942 அக்டோபரில் லின்லித்கோவுக்கு அவர் கொடுத்த குறிப்பாணையில் கோபுரத்தைப் பற்றிய பேச்சு இல்லை. எந்தப் பணியில் எத்தனை பேர் என்ற கணக்கு இருந்தது. 1943 ஆகஸ்டில் 8⅓ சதவீதம் என்று ஆணை வந்தது, 1946ல் அது 12½ ஆயிற்று. பத்திரிகையில் கோபுரம், கோப்பில் கணக்கு. உருவகத்தைக் கைவிட்டுவிட்டார் என்று இதை வாசிக்கக்கூடாது. படி இல்லை என்றவர், எத்தனை படி வேண்டும் என்று எண்ணிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

இனி நமக்கு வேண்டியவர்களே நமக்காகச் சொன்ன உருவகங்களுக்கு வருகிறேன். இங்கேதான் என் சங்கடம்.

நிரப்பப்படாத இடங்களை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோவது என்ற ஏற்பாடு மத்திய அரசில் இருந்தது. 1961ல் மத்தியத் தலைமைச் செயலகத்தில் பிரிவு அலுவலர் பதவியில் 45 இடங்களுக்கு 29 இடம் இப்படி அட்டவணைச் சாதி, பழங்குடியினருக்குப் போனது. தேவதாசன் வழக்கு வந்தது. 1963ல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. ஐந்து நீதிபதிகளில் சுப்பாராவ் ஒருவர் மட்டும் மறுத்தார். மறுக்கும்போது ஒரு குதிரைப் பந்தயத்தைச் சொன்னார். ஒன்று முதல்தரப் பந்தயக் குதிரை, மற்றது சாதாரணக் குதிரை. இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டால் அது பேருக்குத்தான் சம வாய்ப்பு. ஆகவே ஒன்றின்மேல் கூடுதல் பாரம் ஏற்று, இல்லை மற்றதை முன்னால் நிறுத்து.

எவ்வளவு பெரிய உதவி அது! 1975ல் தாமஸ் வழக்கில் அவருடைய சிறுபான்மைத் தீர்ப்பின் உயிரான கருத்துத்தான் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மையாக எழுந்து நின்றது. பதவி உயர்வு, பின்னடைவு என்று எதைப் பேசினாலும் அந்தக் குதிரையின் முதுகில்தான் இன்றுவரை நாம் சவாரி செய்கிறோம். நானே எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், சனம் தலையாட்டும். ஆனால் ஒருமுறை கூட்டம் முடிந்து வரும்போது ஒரு பெண் கேட்டாள்: "அப்ப நாம என்னிக்குமே மட்டக் குதிரைதானாண்ணே?"

அவள் கேட்டது ரொம்பச் சரி. அந்த உருவகத்தில் வேகம் பிறவியில் இருக்கிறது, இனத்தில் இருக்கிறது. இதே கருத்தை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் 1965 ஜூனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவர்கள் முன்னால் பேசினார். அங்கேயும் ஓட்டப் பந்தயம்தான். ஆனால் அங்கே ஓடுகிறவன் மனிதன். வருஷக் கணக்காகச் சங்கிலியில் கிடந்தவன். அவிழ்த்துவிட்டுக் கோட்டில் நிறுத்தி, போ, இனி எல்லாரோடும் போட்டி போடு என்றால் அது நியாயமா என்று கேட்டார். சங்கிலி என்றதும் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும்: யார் போட்டது? குதிரையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. சாதாரணக் குதிரையை யாரும் சாதாரணமாக ஆக்கவில்லை, அது அப்படிப் பிறந்தது. தமிழில் நாம் 'தாழ்ந்த' என்று சொல்லாமல் 'தாழ்த்தப்பட்ட' என்று சொல்லப் போராடினோமே, அந்த ஒரு 'பட்ட'வில் இருக்கிற சங்கிலி அந்தக் குதிரையிடம் இல்லை.

தாமஸ் வழக்கையே பாருங்கள். கேரளப் பதிவுத் துறையில் எழுத்தர்கள் பதவி உயர்வுக்குத் துறைத் தேர்வு எழுத வேண்டும். தலித்துகளுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். 1972ல் 51 பதவி உயர்வில் 34 அவர்களுக்குப் போயிற்று, வழக்கு வந்தது, நாம் ஜெயித்தோம். ஜெயித்த அதே தீர்ப்பில்தான் கிருஷ்ணய்யர் பாலேட்டைக் கொண்டுவந்து வைத்தார். சலுகையின் பெரும்பகுதியை மேலே மிதக்கிற ஏடு வாரிக்கொண்டு போய்விடுகிறது, அடியில் இருப்பவன் அடியிலேயே கிடக்கிறான் என்றார். அக்கறையில் சொன்னார், அவர் நமக்கு வேண்டாதவர் இல்லை. அக்கறையில் பிறந்த உருவகம் எங்கெல்லாம் போயிற்று என்பதுதான் கதை.

பாலைப் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மாடு இருந்தது. சேரிப் பாலை ஊர்ச் சங்கத்தில் ஊற்ற விடமாட்டார்கள். அம்மா தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மூன்று மைல் நடந்து, எங்களைத் தெரியாத ஒரு டீக்கடையில் ஊற்றிவிட்டு வருவாள். யார் என்று தெரிந்த நாளில் அதுவும் நின்றது. பால் விற்க முடியாதவன் வீட்டில் எப்போது ஏடு கட்டியது என்று எனக்கு விளங்கவில்லை. அது போகட்டும். உருவகமாகவே பார்ப்போம். பாலில் ஏடு தானாக மேலே வருகிறது, அது இயற்கை. யாரும் தள்ளவில்லை, யாரும் தடுக்கவில்லை. எங்கள் சேரியில் முதன்முதலாக எழுத்தர் வேலைக்குப் போனவர் தானாக மிதந்து போனார் என்று சொன்னால் அவர் பெண்டாட்டி அடிக்க வருவாள்.

இதற்கு 1985ல் வசந்தகுமார் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி நல்ல பதில் கொடுத்தார். பின்தங்கியவர்களின் ஏடு ஒதுக்கீட்டு இடத்தை எடுத்துக்கொள்வது கெடுதல் என்றால், ஒட்டுமொத்த சமூகத்தின் ஏடு பொது இடங்களை எடுத்துக்கொள்வது மட்டும் எப்படிக் கெடுதல் இல்லாமல் போயிற்று என்று கேட்டார். தகுதி தகுதி என்று கத்துபவர்களைக் கேலி செய்து, அரசுப் பணி என்ன தேவதூதர்கள் மட்டும் நுழையும் சொர்க்கமா என்கிற பொருளிலும் எழுதினார். படிக்கும்போது எழுந்து நின்று விசில் அடிக்கலாம்போல் இருக்கும். ஆனால் அலுவலகத்தில் நிலைத்தது எது? சொர்க்கம் நிற்கவில்லை, ஏடு நின்றது. 1992 மண்டல் தீர்ப்பில் பிற்படுத்தப்பட்டோருக்கு அது சட்டமானது.

ஏன்? எனக்குப் பட்டது இதுதான்: ஏடு என்றதும் குமாஸ்தாவுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. எடுத்துப் போடு. எதை எடுப்பது? வருமானம் பார். எவ்வளவு? ஒரு தொகை போடு. யார் சொல்வது? தாசில்தார் சான்றிதழ் கொடுக்கட்டும். ஒரே மூச்சில் உருவகம் படிவமாகிவிடுகிறது. சின்னப்ப ரெட்டியின் தேவதூதனுக்குப் படிவம் அடிக்க முடியாது. அவனைப் படித்துச் சிரிக்கலாம், வீட்டுக்குப் போகலாம். அலுவலகத்தின் மனத்தை மாற்றுவது என்று நாம் சொல்வது, தனித்தனி மனிதர்களின் மனத்தை அல்ல. அவர்கள் நாளைக் காலையில் வந்து நிரப்ப வேண்டிய கட்டங்களை மாற்றுவது. (தமிழில் பாலின் மேல் படிவதும் ஏடு, எழுதி வைக்கிற சுவடியும் ஏடு என்பதை யோசித்தால் வேடிக்கைதான்.)

படிவமான பிறகு அந்த உருவகம் யாருடைய அக்கறைக்கும் கட்டுப்படாது. பிற்படுத்தப்பட்டவருக்கு ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டினால் அவர் ஏடு. இது 2017 முதல். 2019ல் உயர்சாதியினருக்குப் பத்து சதவீதம் கொடுத்தபோது அதே 8 லட்சத்துக்குக் கீழே இருந்தால் அவர் நலிந்தவர். தொகை ஒன்றுதான். ஒரு பக்கம் அது கொழுப்பின் அடையாளம், மறு பக்கம் பசியின் அடையாளம். 2018ல் பதவி உயர்வில் தலித்துகளுக்கும் ஏடெடுக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2024 ஆகஸ்ட் 1ல் உள் ஒதுக்கீட்டுத் தீர்ப்பில் நான்கு நீதிபதிகள் அதை இன்னும் அழுத்திச் சொன்னார்கள். எட்டே நாளில் மத்திய அமைச்சரவை அப்படிச் செய்யப்போவதில்லை என்றது. தற்காலிகமாக நிம்மதி. ஆனால் உருவகம் போய்விடவில்லை, பாத்திரத்தை அடுப்பில் வைத்துத்தான் இருக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பில் நீதிபதி கவாய், நம்மில் ஒருவர், ஒரு ரயில் பெட்டியைச் சொன்னார். பொதுப் பெட்டியில் ஏற முட்டி மோதியவன், ஏறிய பிறகு வெளியே இருப்பவனை ஏறவிடாமல் தடுக்கிறான் என்று. இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். 2009ல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு மூன்று சதவீதம் தனியாகக் கொடுத்தபோது என் சாதிச் சங்கத்துக்காரர்கள் என்னென்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த உருவகம் எனக்கு வலித்தது, வலிக்க வேண்டியதுதான். உள் ஒதுக்கீடு நியாயம் என்பதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. என் சண்டை ரயிலோடு. பொதுப் பெட்டிக்குள் நடக்கிற தள்ளுமுள்ளைக் காட்டுகிறது அது. அந்த வண்டியில் எத்தனை பெட்டி பொதுப் பெட்டி, மற்றவை யாருக்காகப் பூட்டிக் கிடக்கின்றன என்று காட்டுவதில்லை. அதை வாசிக்கிறவன் நம்மைப் பார்த்துத்தான் தலையாட்டுவான், வண்டியை விட்டவனைப் பார்த்து அல்ல.

நமக்குப் பயன்பட்ட உருவகம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் கணக்குப் புத்தகத்தைச் சொல்வேன். நிரப்பாத இடத்தை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவது என்பது கடைக்காரன் பேச்சு. இந்தப் பக்கத்து மீதி அடுத்த பக்கத்தின் முதல் வரி. அதில் கருணை கிடையாது, பாக்கி உண்டு. 1963ல் அடித்துப் போட்டதை 2000த்தில் 81வது திருத்தம் மீட்டுக் கொடுத்தது. பழைய பாக்கியை அந்த ஆண்டின் ஐம்பது சதவீத வரம்புக்குள் சேர்த்து எண்ண வேண்டாம் என்றது. ஆனால் தமிழில் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் பாருங்கள். பின்னடைவுக் காலியிடம். யார் பின்னடைந்தது? கொடுக்க வேண்டியவன் கொடுக்கவில்லை. பின்னடைவு என்றதும் ஓடத் தெரியாதவன் நாம் என்றாகிவிட்டது. மறுபடியும் அந்த மட்டக் குதிரை. நான் என் மனுக்களில் 'நிலுவைப் பணியிடம்' என்றுதான் எழுதுகிறேன். ஒரு செக்‌ஷன் அலுவலர் அதைச் சிவப்பு மையில் அடித்துப் 'பின்னடைவு' என்று திருத்தி அனுப்பினார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கடைசியாக எங்கள் சுடுகாட்டுப் பாதை. அப்பாவின் பெட்டியில் இருந்த அதே பாதைதான். பொணத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வயல் வரப்பில் போக விடமாட்டார்கள், வாய்க்காலில் இறங்கித்தான் போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கள்கிழமை பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். மனுவில் சர்வே நம்பர், சட்டப் பிரிவு எல்லாம் இருந்தது, அந்தப் பயிலரங்குத் தோழருக்குப் பிடித்திருக்கும். அதிகாரி வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். பெரியம்மா நகரவில்லை. "ஐயா, செத்தவனுக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். மனுவை மறுபடி எடுத்தார். எத்தனை ஆழம் என்று கேட்டார். நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

பிறகு நகல் கேட்டு வாங்கிப் பார்த்தபோது குறிப்பில் 'மழைக்காலத்தில் சிறிது சிரமம் ஏற்படுவதாக' என்று இருந்தது. அந்த 'சிறிது'வைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வந்தது. அடுத்த மனுவில் ஒரு அட்டவணை போட்டேன். இறந்தவர் பெயர், தேதி, அன்றைக்குத் தண்ணீர் எதுவரை. முழங்கால், இடுப்பு, மார்பு, இடுப்பு, கழுத்து. பதினேழு வரி. பெரியம்மாவின் நீச்சலை நான் ஒரு கட்டமாக மாற்றினேன். அது வேலை செய்தது. சர்வேயர் வந்தார், கிராம நிர்வாக அலுவலர் வந்தார், அளந்தார்கள். ஒரு வருஷத்தில் வாய்க்காலுக்குக் குழாய்ப் பாலம் வந்தது.

பாதை வரவில்லை. அட்டவணையில் தண்ணீர் இருந்ததால் அது தண்ணீர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. நீர்வளத்தைப் பார்க்கிற துறைக்குக் கோப்பு போய், பாலம் போட்டு, முடித்தும் வைத்துவிட்டார்கள். பாலத்தைத் தாண்டியதும் அதே வரப்பு, அதே ஆள் மறித்துக்கொண்டு நிற்கிறான். கட்டத்தில் அவனை நான் எழுதவில்லையே. இப்போது புதிய அட்டவணையில் நான்காவதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: அன்று வரப்பில் யார் மறித்தது. பழைய அ-பதிவேட்டில் அந்த இடம் வண்டிப்பாதை என்று இருக்கிறதா என்று தேடிக்கொண்டும் இருக்கிறேன். பெரியம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தாளைக் கேட்கிறாள். போன தடவை பதினேழாவது வரிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்து, "இங்கதான என் பேரு?" என்றாள்.